மாப்பிள்ளை தோற்ற ஆட்டம்

எங்கள் அத்தைக்குச் செஸ் நன்றாக ஆடத் தெரியும் என்று முதன்முதலில் சொன்னவர் எங்கள் சபை உபதேசியார். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கு அத்தை செஸ் பலகையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிட முடியாது. குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்துவது அவருடைய வேலை. மற்ற நாட்களில் ஊர் ஊராகப் போய் வரன் பார்ப்பதுதான் அவருடைய மெய்யான ஊழியம் என்று அப்பா கிண்டலடிப்பார். சிவகிரிப் பக்கம் ராயகிரியில் ஒரு பையன் இருக்கிறான், தென்காசியில் சர்க்கார் ஆபீசில் கிளார்க் என்று கேள்விப்பட்டு அங்கே போயிருக்கிறார். பையனின் தாயார் மகனுடைய பெருமைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, "பீடி, சிகரெட்டு, சீட்டு ஒண்ணும் கெடையாது. செஸ்ஸுதான் அவனுக்கு உயிரு" என்றிருக்கிறார். நம்ம ஆள் வாய் சும்மா இருக்குமா? "அப்படியா! எங்க பொண்ணும் பிரமாதமா ஆடுமே!" என்று போட்டுவிட்டார். அதுவரை பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்த மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி, "அப்போ ஒரு நாள் போய்ப் பாப்போம்" என்றாராம்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை அப்பாவுக்கு இளைய தங்கை. பனவடலிசத்திரத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நல்ல உயரம், கண்ணாடி வேறு. அவளைப் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், காப்பி குடித்தார்கள், "போய் லெட்டர் போடுதோம்" என்று எழுந்து போனார்கள். வந்த லெட்டரில் பொண்ணு கொஞ்சம் உயரம் என்று இருக்கும், அல்லது லெட்டரே வராது. வயது முப்பதை எட்டிப் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப் போனால் இனி யார் வருவார்கள் என்ற கவலை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, வீடு முழுக்க இருந்தது.

உபதேசியார் வந்து சங்கதியைச் சொன்னதும் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"வே உபதேசியாரே, ஜெபம் பண்ணுத வாயிலேயா வே பொய்யி?"

"ஒரு வேகத்துல வந்துட்டு ஐயா. நல்ல இடமாச்சேன்னு..."

வேறு வீடாக இருந்தால், பெண்ணுக்குச் செஸ் தெரியாது என்று சொல்லியனுப்பிக் கணக்கை முடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சுலபமாக யோசிக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் உபதேசியார் மானம் போகும். மாப்பிள்ளை தலை நிமிர்ந்ததே அந்த ஒரு விஷயத்துக்குத்தான், அதுவும் போகும். சொல்லாவிட்டால் பொய் பொய்யாகவே நிற்கும். தாத்தா அங்குமிங்கும் நடந்து கடைசியில் தீர்ப்புச் சொன்னார். அவர்கள் வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் அத்தை செஸ் கற்றுக்கொண்டுவிட்டால் உபதேசியார் சொன்னது மெய்யாகிவிடும், யாருக்கும் பாவமில்லை.

யார் சொல்லிக் கொடுப்பது? வீட்டில் செஸ் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான்.

பரீட்சை லீவுக்கு ராஜபாளையத்தில் மாமா வீட்டுக்குப் போனபோது மாமா மகன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். தோற்கடிக்க அவனுக்கு ஆள் தேவைப்பட்டது. லீவு முடிந்து நான் கிளம்பும்போது, தன் பழைய பிளாஸ்டிக் செட்டை எனக்கே தந்துவிட்டான். அதில் ஒரு வெள்ளை யானை இல்லை. காலி நூல்கண்டு ஒன்றை அந்த இடத்தில் வைத்துக்கொள்வோம். தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற ஊரில் நூல்கண்டுக்கா பஞ்சம்?

தாத்தா என்னைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார்.

"இதுல தாயக்கட்டை உருட்டணுமாட்டி?"

"இல்ல தாத்தா."

"துட்டு வச்சு ஆடணுமா?"

"வேண்டாம் தாத்தா."

"அப்போ சரி. ஞாயித்துக்கெழமை மட்டும் தொடாதே."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. அத்தை பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து, முகம் கழுவி, காப்பி குடித்து முடிக்கும் வரைக்கும்தான் நான் பொறுப்பேன். பிறகு அவளைக் கையைப் பிடித்து அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். அங்கே டிரங்குப் பெட்டிமேல் பலகை. நான் மூட்டைமேல், அத்தை தரையில். டீச்சர் உயரத்தில்தான் உட்கார வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

"ராஜா ஒரு கட்டம்தான் போவாரு."

"ஏன்?"

"அப்படித்தான்."

"ஏட்டி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கேட்டாக்கூட நான் அப்படித்தான்னு சொன்னது கெடையாது. ராணி எங்கன வேணும்னாலும் போறா. ராஜாவுக்கு என்ன கேடு?"

எனக்குக் கோபமாக வந்தது. மாமா மகனிடம் நான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, "ராஜாவுக்குத் தொப்பை" என்றேன். அத்தை அதை ஏற்றுக்கொண்டாள்.

குதிரையை எப்படி விளக்குவது என்று நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது அவளே கண்டுபிடித்துவிட்டாள். "இது நம்ம 'ட' தானே? எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் 'ட' தான்" என்றாள். அதற்கப்புறம் குதிரையில் அவள் தப்பே செய்யவில்லை; நான்தான் செய்தேன். சிப்பாய்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. நேராகப் போகிறவன் கோணலாக வெட்டுகிறானே, இவனையெல்லாம் கிளாசில் வைத்துக்கொண்டால் மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகும் என்றாள். வெட்டுப்பட்ட காய்களை அவள் பெட்டியில் போடவே மாட்டாள். பலகைக்குப் பக்கத்தில் குட்டையிலிருந்து நெட்டை வரைக்கும் வரிசையாக நிறுத்தி வைப்பாள், ஏதோ காலைப் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி.

ஒரு நாள் ராணியை வாரிக் கொடுத்துவிட்டாள். எங்கள் கிளாஸ் டீச்சர் எங்களுக்குச் செய்வதுபோல நான் எட்டி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அரிசி எடுக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி! யாரைக் குட்டுதே? கை நீண்டு போச்சா ஒனக்கு?"

"விடுங்க மதினி" என்றாள் அத்தை, தலையைத் தடவிக்கொண்டே. "டீச்சர் குட்டுனா வாங்கிக்கிடத்தான் செய்யணும்."

எனக்கு அவளை அப்போது எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவள் என்னை ஜெயித்துவிட்டாள். முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. கொஞ்சம் அழுதுவிட்டு யோசித்தபோது, சொல்லிக் கொடுத்தது நான்தானே என்று பெருமையாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், "அத்தை என்னைத் தோக்கடிச்சிட்டா! மாப்பிள்ளையையும் தோக்கடிச்சிருவா!" என்று கூவினேன்.

வீடு மகிழும் என்று நான் நினைத்தேன். நல்லா மகிழ்ந்தது! தாத்தா தொண்டையைக் கனைத்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பெண் பார்க்கும் காரியத்தை நடத்திக் கொடுப்பதற்கென்றே தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த பெரிய அத்தை எழுந்து உள் அறைக்கே வந்துவிட்டாள்.

"இங்க பாரு. ஜெயிச்சிரப்பிடாது, கேட்டியா? ஒடனே தோத்துரவும் கூடாது, ஒண்ணும் தெரியாதவன்னு நெனைப்பாவ. கொஞ்ச நேரம் ஆடிப் போட்டு, பெறவு தோக்கணும். ஆம்பிளைக்கு ஒரு சந்தோஷம் வேணும்லா?"

"அதெல்லாம் முடியாது!" என்று நான் குதித்தேன். "வேணும்னே தோத்தா அது கள்ள ஆட்டம்!"

"நீ வாயை மூடு. ஒன்னைய கட்டிக்கிடவா வாராவ?"

பெரிய அத்தை போன பிறகு அத்தை வெட்டுப்பட்ட காய்களை வரிசை பார்த்து நிறுத்தினாள். நான் மூட்டையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "தோப்பீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"தோக்கதைப் பத்தி ஒண்ணுமில்லட்டி" என்றாள். "இதுவரைக்கும் வந்தவங்க ஒருத்தர் குரலும் எனக்கு ஞாபகமில்லை. என் குரலு எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் தெரியாது. காப்பியை வச்சிட்டு உள்ள வந்துருதேன். இந்த ஆளையாவது எதுத்தாப்புல உக்காந்து கொஞ்ச நேரம் பாக்கலாம்லா? எப்படிப்பட்டவருன்னு தெரிஞ்சிக்கிடலாம்லா? அவ்வளவுதான் எனக்கு வேண்டியது."

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஜெயிப்பதா தோற்பதா என்று கேட்டால் இவள் குரலைப் பற்றிப் பேசுகிறாளே என்று இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் தாயார், ஒரு தாய்மாமன், கூடவே உபதேசியார். மாப்பிள்ளை அத்தையைவிட ஒரு விரற்கடை உயரம் குறைவு; முன்தலையில் முடியும் கொஞ்சம் குறைவு. உபதேசியார் ஜெபம் பண்ணினார். தன் பாவம் தீர்ந்துவிட்ட நிம்மதியில் நீளமாகவே பண்ணினார், பஜ்ஜி ஆறிப்போனது. அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். மாப்பிள்ளை காப்பியைக் குடித்து முடித்து, "போர்டு இருக்கா?" என்றார்.

ஸ்டூலில் பலகையை வைத்து, எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா என்னை உள்ளே இழுத்தாள்.

"நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! நான் இருப்பேன்!" என்று கத்திவிட்டேன்.

பெரிய அத்தைக்கு முகம் கறுத்தது. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா? அப்போ டீச்சர் இல்லாம எப்படி? இருக்கட்டும்" என்றார். நான் அத்தையின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. அத்தைக்கு வெள்ளைக் காய். சிப்பாய்கள் நகர்ந்தன, குதிரைகள் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் அத்தை தன் ராணியைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் மந்திரிக்கு நேராக, எடுத்துக்கொள் என்பதுபோல வைத்தாள். எனக்குக் குட்டக் கை பரபரத்தது. பெரிய அத்தை திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அந்த ராணியைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

அட, இவருக்குக் கண் தெரியாதா! அடுத்தபடி அத்தை ஒரு குதிரையைக் கொண்டுபோய் அவர் சிப்பாய்க்குக் கோணல் கட்டத்தில் வெட்டுக்கு வைத்தாள். அவர் அதையும் வெட்டவில்லை. மறுபடியும் ஓரத்துச் சிப்பாய்.

அப்போதுதான் அத்தை தலையை நிமிர்த்தினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படி நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லை. கண்ணாடி வழியாக நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். அத்தை குனிந்து, ராணியை எடுத்து, சட்டென்று அவருடைய ராஜாவுக்கு நேராக வைத்தாள். செக். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை நகராமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"செக்குன்னு சொல்லணும் அத்தை! சொல்லலேன்னா செல்லாது!"

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் பேசுவதா? பெரிய அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். தாத்தாதான் சட்டம் என்றால் சட்டம் என்கிற மனிதர். "வே உபதேசியாரே, அப்படியா சட்டம்?" என்றார். உபதேசியாருக்கு என்ன தெரியும்? அவர் மேலே பார்த்தார்.

"டீச்சர் சொல்லுதது சரிதான்" என்றார் மாப்பிள்ளை. "வாயால சொல்லலேன்னா செல்லாது."

"அப்போ சொல்லும்மா" என்றார் தாத்தா.

"செக்" என்றாள் அத்தை. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை என்னிடம், "டீச்சர், கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. எனக்குக் கேக்கலை" என்றார்.

"செக்."

இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. அவர் குதிரையைக் குறுக்கே வைத்திருந்தால் போதும், தப்பித்திருப்பார். வைக்கவில்லை. ராஜாவையே நகர்த்தினார், அதுவும் ராணி மறுபடி செக் வைக்க வசதியான கட்டத்துக்கு. அத்தை ராணியைத் திருப்பினாள். "செக்" என்றாள். மறுபடி ராஜாவை நகர்த்தினார். மறுபடி செக். பலகையில் எத்தனையோ காய்கள் சும்மா நிற்க, அந்த மனிதர் தொப்பை ராஜாவை வெளியே கூட்டிவந்து கட்டம் கட்டமாக நடத்திக்கொண்டிருந்தார். என் ஆயுசில் அவ்வளவு மோசமான ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. அத்தையின் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கடைசியில், கரும்பலகைக்கு முன்னால் நின்று பின்பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி பாடம் சொல்கிற அவளுடைய நிஜமான குரலே வந்துவிட்டது. நல்ல குரல் அது. தறிச் சத்தம் எல்லாம் தாண்டிக் கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு, கன்னத்தில் கைவைத்து, நிதானமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

ராஜா பலகையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ராணியும் நூல்கண்டு யானையும் சேர்ந்து அடைத்தன. "செக் மேட்" என்றாள் அத்தை.

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. மாப்பிள்ளை, "இன்னொரு ஆட்டம்?" என்றார். அவருடைய தாயார், "ஏலே, சிவகிரி பஸ்ஸு போயிரும்" என்று எழுந்துவிட்டார். எழுந்து போனார்கள்.

வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. "கெடுத்தியே பாவி மட்டை" என்று பெரிய அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். என்னையா, அத்தையையா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும்தான் போலிருக்கிறது. நான் என் பங்குக்கு, "அவருக்கு ஆடவும் தெரியலை, காதும் கேக்கலை" என்று சொல்லி வைத்தேன். தாத்தாவுக்குத் திக்கென்றது. "காது கேக்காதா? வே, அதை உபதேசியார் சொல்லலியே!" என்றார். உள் அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தை அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காது நல்லாக் கேக்கும்ட்டி அவருக்கு" என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் தபால்காரரைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி பாவனை செய்தார்கள். அத்தை வழக்கம்போல பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அம்மா இல்லை என்று தலையை அசைப்பாள். அப்போது அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். லெட்டர் வரவில்லை. உபதேசியார்தான் சைக்கிளில் வந்தார். உள்ளே வந்து உட்காரவுமில்லை.

"மாப்பிள்ளை கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார்.

"என்ன கேக்கணுமாம்?" என்றார் தாத்தா.

"பொண்ணுக்குச் சம்மதமான்னு."

தாத்தா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. யார் போய்க் கேட்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. உள்ளேயிருந்து அத்தை, கிளாசில் பேசுகிற குரலில், "சம்மதம்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சம்பந்தத்தில் கடைசி வரைக்கும் மனக்குறை இருந்தது எனக்கு மட்டும்தான். நான் வளர்த்த ஆட்டக்காரி. போயும் போயும், ராணியை எதிரே வைத்தால் வெட்டத் தெரியாத ஒரு மனிதருக்கா? கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரும் பாயசமும் சாப்பிட்டேனே தவிர மனம் ஒப்பவில்லை.

அடுத்த லீவில் அம்மாவும் நானும் தென்காசிக்குப் போனோம். அத்தை வீட்டில் மரத்தால் செய்த நல்ல செஸ் போர்டு இருந்தது. இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட மாப்பிள்ளையைப் பார்த்து, "வாங்க, சொல்லித் தாரேன்" என்று கூப்பிட்டேன். உண்மையாகவே அந்த எண்ணத்தில்தான் கூப்பிட்டேன். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் என் யானை போனது, குதிரை போனது. ராணியைக் கொஞ்சம் அசந்து வைத்தேன். மின்னல் மாதிரி எடுத்துக்கொண்டார். பிறகு அவருடைய மந்திரியைச் சத்தமில்லாமல் என் ராஜாவுக்கு நேராக நகர்த்தினார்.

ஒரு தப்பு கிடைத்ததே என்று நான் பிடித்துக்கொண்டேன். "செக்குன்னு சொல்லணும் மாமா! சொல்லலேன்னா செல்லாது!"

"அப்படி ஒரு சட்டமே கெடையாதே மக்கா" என்றார் மாமா. "ஒனக்கு யாரு சொன்னா?"

"ராஜபாளையத்து மாமா மகன் சொன்னான். நீங்களும்தான் சொன்னீங்க! அன்னைக்கு எங்க வீட்டுல, எல்லாருக்கும் முன்னால, வாயால சொன்னாத்தான் செல்லும்னு சொன்னீங்களே!"

மாமா காயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே அத்தை அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது.

"அன்னைக்கு உண்டு" என்றார் மாமா.

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தாளிக்கிற சத்தம் கேட்டது. ஒரு சட்டம் ஒரு நாள் மட்டும் எப்படி இருக்க முடியும், மறுநாள் எப்படி இல்லாமல் போகும் என்று ஊர் திரும்புகிற பஸ்ஸில் அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு, "பேசாம வாட்டி" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் அவ்வளவு மோசமாக ஆடினாரே, அது ஏன் என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.